பதினொரு நொடி

காலை மாத்திரையைப் போடாமல் வரச் சொல்லியிருந்தோம்.
போடாமல்தான் வந்தார் வீப்ரன்,
க்ரோனிங்கன் நகரத்து எதிர்க்காற்றில்
ஆறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து.
பின்னாலேயே இன்னொரு சைக்கிளில் மனைவி யெல்ட்யே,
வழியெல்லாம் திட்டிக்கொண்டு.

முப்பத்தொரு வருடம் தூக்குப்பாலத்துக் காவலர்.
மணியடித்து, தடுப்பை இறக்கி,
ஒற்றைப் படகுக்காக
பாதி ஊரை நிற்க வைத்தவர்.
இப்போது சொந்தச் சமையலறை வாசலில்
தன்னை நிற்க வைப்பது யார் என்று
கேட்க வந்திருக்கிறார்.

என் வேலை பந்து ஒட்டுவது.
மிளகைவிடப் பெரிய, நெல்லிக்காயைவிடச் சிறிய
வெள்ளிப் பந்துகள்.
முடி இருந்தால் பிசின் பிடிக்காது,
கணுக்காலில் கொஞ்சம் மழித்தேன்.
கூசுகிறது என்றார்.
கூசினால் நல்லதுதான் என்றேன்,
ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

பத்து மீட்டர் பாதை. பன்னிரண்டு கேமராக்கள்.
தரைக்கடியில், காலின் பாரம் அறியும் தகடு.
திரையில் வீப்ரன் இல்லை.
முப்பத்தொன்பது புள்ளிகள்
இருட்டில் ஒரு மனிதரைத் தூக்கிக்கொண்டு வந்தன.

நடந்தார்.
ஐயோ, என்ன நடை!
குறுகலான கதவுச் சட்டம் வைத்தோம், கடந்தார்.
நூறிலிருந்து ஏழேழாகக் கழித்தபடி வரச் சொன்னோம்.
தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது
என்று கடந்தார்.
டாக்டர் ஃபோகலீன் பேனாவை மூடினார்.

"யாராவது பார்த்தால் இப்படித்தான்" என்றார் யெல்ட்யே.
பொய்யில் பிடிபட்டவர்போல் முகம் சிவந்திருந்தது.
"வீட்டுக்கு வந்து பாருங்கள்.
தரை முழுக்க மஞ்சள் டேப், அடிக்கு ஒன்று.
வருகிறவர்கள் விமான நிலையமா என்கிறார்கள்."

பந்துகளை உரித்தெடுத்தேன்.
கோட்டு மாட்டிக்கொண்டார்.
லிஃப்ட் திறந்தது.

அங்கே நின்றார்.

நின்றார் என்பது சரியில்லை.
நிற்பவர் நிற்க நினைத்திருப்பார்.
இவர் உடம்பு ஏற்கெனவே லிஃப்டுக்குள் சாய்ந்திருந்தது.
குதிகால்கள் மட்டும் இங்கேயே படபடத்தன,
காகிதத்தின் மேல் கல்லை வைத்ததுபோல்.
ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே
தளை தட்டிவிட்டது.
கதவு மூடியது. திறந்தது. மறுபடி மூடியது.

சுவருக்கு அந்தப் பக்கம்
பன்னிரண்டு கேமராக்களும்
காலிப் பாதையைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தன.

நடுமூளையில் மைக்கோடு போல் ஓர் இடம் உண்டு.
இவருக்கு அது வெளுத்துக்கொண்டே போகிறது.
ஸ்கேனைத் திரையில் ஏற்றியதே நான்தான்.
தெரிந்து என்ன?
அந்த நேரத்தில் கைக்குக் கிடைத்தது
என் கால்தான்.
அவர் காலுக்கு முன்னால் குறுக்கே வைத்தேன்,
மரியாதையில்லாமல், வழிமறிக்கிறவள் போல.

தாண்டினார்.
வாய்க்காலைத் தாண்டும் பையன் மாதிரி
தேவைக்கு மேல் உயரமாகவே தாண்டினார்.

"அதேதான்" என்றார் யெல்ட்யே.
"ராத்திரி இரண்டு மணிக்குக் கழிவறைக்குப் போகும்போது
நானும் அதைத்தான் செய்கிறேன்."
காலுறையை இறக்கிக் காட்டினார்.
பழைய நீலம், புது நீலம்.

படிவத்தில் அச்சாகியிருந்தது:
உறைந்து நின்ற தடவைகள், பூஜ்யம்.
ஓரத்தில் பேனாவால் எழுதினேன்:
லிஃப்ட் வாசல். பதினொரு நொடி. பிறகு ஒரு கால்.

"எதைக் கொண்டு அளந்தாய்?" என்றார் ஃபோகலீன்.
வாய்க்குள் எண்ணினேன் என்றேன்.
"யாருடைய கால்?"
"என்னுடையது."
"எந்தக் கால்?"
யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.
அதையும் எழுதிக்கொண்டார்.
வெகுநேரம் அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு,
அவர்கள் வீட்டு விலாசம் கேட்டார்.

கீழே, ஜன்னல் வழியே,
வீப்ரன் சைக்கிளில் ஏறிப் பாலம்வரை போய்விட்டார்.
இப்போது பின்காற்று.
யெல்ட்யே இன்னும்
பூட்டைத் திறந்துகொண்டிருந்தார்.